கட்டிய புள்ளி, கொத்திய புள்ளி

போன செமஸ்டரின் கடைசி வாரத்தில் நான் செய்த ஏழு பிரிண்டுகளைக் கல்லூரி மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். ஏழும் லினோகட். ஒன்றில் பெரிய அலை, ஒன்றில் காக்கை உட்கார்ந்திருக்கும் மொட்டை மரம், ஒன்றில் சாய்ந்து பெய்யும் மழையில் குடை பிடித்துப் போகிற பெண், மிச்சமும் இப்படித்தான். ஆசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெட்டு சுத்தமாக இருக்கிறது, மை சீராக ஏறியிருக்கிறது, நல்ல உழைப்பு என்றார். அப்புறம் மேசையில் கையூன்றிக்கொண்டு, "சரி, இதில் எதை உன் ரூம் சுவரில் மாட்டுவே?" என்று கேட்டார். குத்திக் காட்டுகிற கேள்வி இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் ஏழு படத்தையும் ஒரு தடவை பார்த்தேன், இன்னொரு தடவை பார்த்தேன். எதையும் மாட்டத் தோன்றவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் காக்கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விடுமுறைக்கு மதுரை ஸ்டேஷனில் இறங்கும்போதும் அந்தக் கேள்விதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் தேடி இந்த இரண்டு மாதமாக அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லினோகட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. லினோலியம் ஒரு தரை விரிப்பு. ஆளிவிதை எண்ணெயையும் கார்க் தூளையும் கலந்து துணிமேல் படியவைத்துச் செய்வது, 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் கண்டுபிடித்தார். மரத்தைப் போல அதில் இழை ஓடாது, உளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே மாதிரி போகும், அதனால் பின்னால் ஓவியர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வெட்டி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக நிற்கும், வெட்டாமல் விட்ட இடத்தில் மை ஏறும், அம்புட்டுதான். படம் இடவலம் மாறி விழும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எழுத்து வெட்டினால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வெட்ட வேண்டும். தமிழில் ப, ஃ மாதிரி ஒன்றிரண்டு எழுத்துக்குத்தான் அந்தக் கவலை இல்லை.

என் போனில் மற்ற ஓவியர்களின் படங்கள் 412 சேர்ந்திருந்தன. மூன்று வருடச் சேமிப்பு. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 வாக்கில் செய்த அந்தப் பெரிய அலை அதில் முதல் படம். எல்லோருக்கும் தெரிந்த படம்தான், ஆனாலும் படகுக்குள் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த மனிதர்களை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். 1515-ல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் செய்த காண்டாமிருகம் இன்னொன்று. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியர்களுக்குக் கொடுத்த மிருகம், கப்பலேறி லிஸ்பன் போய் இறங்கியது. ட்யூரர் அதை நேரில் பார்க்கவே இல்லை, யாரோ எழுதி அனுப்பிய விவரத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்துக்கொண்டு மரக்கட்டைக்கு வரைந்துவிட்டார். உடம்பெல்லாம் இரும்புக் கவசம் பூட்டியது போல இருக்கும், முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேறு. தப்பும் தவறுமான அந்தப் படத்தை உண்மையான காண்டாமிருகம் என்றே ஐரோப்பா பல தலைமுறைக்கு நம்பியது. அப்புறம் சித்தப்ரசாத், 1943 வங்கப் பஞ்சத்தை ஊர் ஊராக நடந்து போய் வரைந்தவர், வேலைக்குப் போகிற குழந்தைகளை லினோவில் வெட்டியவர். கிருஷ்ணா ரெட்டி, சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து பாரிஸ் போய், மையின் எண்ணெய்ப் பதத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே தகட்டில் பல நிறங்களை ஏற்றுகிற முறையை வளர்த்தவர். இவர்களில் யாரையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

ஆனால் நான் வெட்டிய குடை மதுரையில் யாரும் பிடிக்காத குடை. மூங்கில் ஆரம் வைத்த காகிதக் குடை. அந்த மழையும் நான் நனைந்த மழை இல்லை. சுவரில் மாட்டத் தோன்றாததற்கு இதுதான் காரணம் என்று அப்போது புரியவில்லை, ஏதோ ஒன்று இடிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் 412 படத்தையும், ஒரு தாளுக்குப் பன்னிரண்டு என்று 35 தாளில் பிரிண்ட் எடுத்து வந்தேன். கத்திரிக்கோலால் வெட்டித் தனித்தனிச் சீட்டாக்கிக் கூடத்தில் பரப்பினேன். போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கிறது, தரையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று கிடக்கும்போதுதான் எதன்மேல் கண் போய் உட்காருகிறது என்று தெரிகிறது. டிசைன் படிக்கிற யாருக்கும் இதைச் சொல்வேன், செலவு அதிகமில்லை, ஒரு மத்தியானம் போதும்.

அம்மா முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "என்னடி இது, வீடு பூரா குப்பையா கெடக்கு" என்று ஆரம்பித்தவள், கீரையை உருவிக்கொண்டே சீட்டுகளைப் பார்க்கத் தொடங்கினாள். பார்த்தவள் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்க ஆரம்பித்தாள். அலையை எடுத்து, "இது டீ சட்டையில வருமே, அதானே" என்று ஒரு பக்கம் வைத்தாள். காண்டாமிருகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பயந்து போய் நிக்குது, பாவம்" என்றாள். நான் அதுவரை அதன் கண்ணைப் பார்த்ததே இல்லை. ஒரு மணி நேரத்தில் அவள் முன்னால் சின்னதாக ஒரு குவியல் சேர்ந்தது, முப்பது சீட்டு இருக்கும். ஓவியர் பெயரோ நாடோ எதுவும் அவளுக்குத் தெரியாது. நான் அந்தக் குவியலை எடுத்து என் பக்கம் பரப்பினேன். அதிலிருந்து நானும் ஒரு பத்தைப் பொறுக்கினேன், யோசிக்காமல், வேகமாக.

அந்தப் பத்தில் இரண்டே விஷயம்தான் இருந்தது. ஒன்று, நிறம் கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கிற படங்கள். இன்னொன்று, புள்ளிகள். துணியில் அடித்த புள்ளி, கட்டையில் குத்திய புள்ளி, மழையாகவோ மணலாகவோ ஆன புள்ளி. போனில் ஆயிரம் தடவை பார்த்துப் பெருமூச்சு விட்ட பெரிய படங்கள் ஒன்றுகூட அந்தப் பத்தில் வரவில்லை. நான் மதிக்கிற படங்களும் எனக்குப் பிடித்த படங்களும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று வருடமாக நான் மதித்ததை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிறம் விலகுவது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. எங்கள் பூஜை அலமாரியில் ஒரு லட்சுமி படம் இருக்கிறது, பழைய சிவகாசி காலண்டரில் இருந்து வெட்டித் தாத்தா கண்ணாடி போட்டது. அதில் தாமரையின் ரோஸ் நிறம் கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை தள்ளி நிற்கும், இந்தப் பக்கம் அதே அளவுக்கு வெள்ளை தெரியும். சின்ன வயதில் சாமி கும்பிடச் சொன்னால் நான் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அச்சகத்தில் இதை 'ரெஜிஸ்டர் அவுட்' என்பார்கள், அது பிழை, தாளைக் கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுகிற எல்லா அச்சு முறையிலும் இந்தப் பிழைக்கு வாய்ப்பு உண்டு. 1796-ல் செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் கல்லச்சைக் கண்டுபிடித்தார், 1894-ல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிச் சாமி படங்களை வீடு வீடாகக் கொண்டுபோனார், அப்புறம் நம் பக்கம் கோவில்பட்டியில் கொண்டைய ராஜூ வரைந்த சாமிகள் சிவகாசியில் அச்சாகிக் கடை கடையாகத் தொங்கின. அந்த வரிசையின் வாலில் எங்கேயோ எங்கள் வீட்டு லட்சுமியின் தாமரை இருக்கிறது. எனக்கு அவள் முகத்தைவிட அந்த விலகல் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அங்கேதான் இந்தப் படம் எப்படிச் செய்யப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

புள்ளிக்கு நான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

எங்கள் வீடு திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. சுற்றிலும் சௌராஷ்டிரா குடும்பங்கள்தான் அதிகம். அடுத்த வீட்டுப் பாட்டி வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார், எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிடுவார். அவர் சுங்குடிச் சேலைக்குப் புள்ளி கட்டியவர், அதாவது துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுக்கிற வேலை, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் இன்றைக்குக் கடையில் சுங்குடி என்று மடித்து வைத்திருப்பதில் பெரும்பாலானது கட்டியது இல்லை, அச்சடித்தது. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் சின்னக் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். அச்சடித்த புள்ளி வட்டமாக, எல்லாம் ஒரே அளவில், தாளில் ஒட்டிய பொட்டு மாதிரி இருக்கும். கட்டிய புள்ளியில் ஓரம் கலங்கியிருக்கும், சிலது சதுரம் மாதிரி, சிலது ஒரு பக்கம் இழுத்த மாதிரி, நடுவில் நகம் பிடித்த இடத்தில் கடுகளவு நிறம் ஏறியிருக்கும். துணியில் அந்த இடம் லேசாகக் குமிழ்ந்துகூட இருக்கும், தடவினால் விரலுக்குத் தெரியும்.

பாட்டிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, கட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. நான் கேட்டதும் பழைய கைக்குட்டை அளவுத் துணி ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். இடது கை விரல் நகத்தால் துணியில் ஒரு சிட்டிகை கிள்ளி நிமிர்த்தினார், வலது கையால் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தார், நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போனார். துணியைப் பார்க்கவே இல்லை, என்னிடம் பேசிக்கொண்டே கட்டினார். ஒரு வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன், 22 முடிச்சு. ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் வேண்டும். கோடு போடுவது ஒருவர், கட்டுவது வீட்டுப் பெண்கள், சாயம் போடுவது இன்னொருவர். ஹொக்குசாயின் அலையும் அப்படித்தான் பிறந்தது, வரைந்தவர் ஒருவர், கட்டை செதுக்கியவர் ஒருவர், மை போட்டு எடுத்தவர் ஒருவர். வரைந்தவர் பெயர் மட்டும் நம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

"ரெண்டு கலர் வேணும்னா என்ன பாட்டி பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல வெள்ளையா நிக்க வேண்டியதை எல்லாம் கட்டிரணும் கண்ணு. மஞ்சள்ல முக்கணும். காஞ்சதும், எங்கெங்க மஞ்சள் நிக்கணுமோ அதைக் கட்டணும். அப்புறம் அரக்குல முக்கணும். லைட் கலரு முதல்ல, அடர்த்தியான கலரு கடைசில. மாத்திப் பண்ணிட்டா துணி போச்சு, திரும்ப வராது."

எனக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபடியே உடம்பு சிலிர்த்தது. லினோவில் 'ரிடக்‌ஷன்' என்று ஒரு முறை உண்டு. நிறத்துக்கு ஒரு கட்டை என்று இல்லாமல், ஒரே கட்டையை வைத்துக்கொண்டு எல்லா நிறத்தையும் எடுப்பது. வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை முதலில் வெட்டி, மஞ்சளில் எல்லாத் தாளையும் அடித்துவிட வேண்டும். அப்புறம் அதே கட்டையில் மஞ்சளாக நிற்க வேண்டியதை வெட்டி, அதன்மேல் அரக்கு. கட்டை வெட்ட வெட்டக் குறைந்துகொண்டே போகும், கடைசியில் எதுவும் மிஞ்சாது, ஒரு பிரதிகூட மறுபடி அடிக்க முடியாது. 1950களின் கடைசியில் தெற்கு பிரான்ஸில் இருந்தபோது பிகாசோ இந்த முறையில் நிறைய செய்தார், அதனால் வகுப்பில் அவர் பெயரோடு சேர்த்துத்தான் படித்தோம். நான் அதைக் கஷ்டப்பட்டு நோட்டில் அம்புக்குறி போட்டுப் படித்தேன். அதே கணக்கை, அதே வரிசையை, எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி ஐம்பது வருடமாகக் கைக்கணக்கில் வைத்திருக்கிறார். அவருக்கு முடிச்சு, எனக்கு உளி. நிறத்திடமிருந்து ஒரு புள்ளியைக் காப்பாற்றி வைப்பதுதான் இரண்டு பேருக்கும் வேலை.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுவிட்டு, கட்டிய துணியைக் குறுக்கே பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து அவிழ்ந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது.

அப்புறம் மைக்காக அலைந்தேன். கல்லூரியில் நாங்கள் தண்ணீரில் கரையும் மை பயன்படுத்துவோம். மே மாத மதுரையில் அது கதைக்கே ஆகாது, கண்ணாடியில் உருட்டி முடித்து லினோவில் ஏற்றித் தாளை வைப்பதற்குள் பாதி காய்ந்து போகிறது. வெயிலால் ஒரு நன்மையும் உண்டு. இறுகிக் கிடக்கிற லினோவை மொட்டை மாடித் தரையில் ஐந்து நிமிடம் போட்டால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். பத்து நிமிடம் போட்டால் ஓரம் உதிர ஆரம்பித்துவிடும், ஒரு துண்டை அப்படி வீணாக்கினேன்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் பிரஸ் வைத்திருக்கிறார், மாமா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது எல்லாம் ஆஃப்செட்தான், ஆனால் காலால் மிதித்து ஓட்டுகிற பழைய டிரெடில் மிஷின் ஒன்றை விற்க மனசில்லாமல் மூலையில் வைத்திருக்கிறார், பில் புத்தகத்துக்கு நம்பர் போட எப்போதாவது ஓட்டுவார். அவரிடம் பிரஸ் மை கேட்டுப் போனேன். மை கொடுப்பதற்கு முன்னால் என் லினோவை வாங்கித் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு கண்ணாடித் துண்டில் கொஞ்சம் கறுப்பு மையை வைத்து ரோலரை என் கையில் கொடுத்து உருட்டச் சொன்னார்.

"சத்தத்தைக் கேளு பாப்பா. சளசளன்னு கேட்டா மை அதிகம். பட்டுச்சேலை உரசுற மாதிரி கேக்கணும். கண்ணால பாக்காத, காதால கேளு."

உருட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் ஈரத் தரையில் செருப்புப் போட்டு நடப்பது போல ஒரு சத்தம். அவர் ஒரு துண்டுத்தாளை ஒற்றி மையைக் குறைத்தார். மறுபடி உருட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் மெலிந்து, ஒரு இடத்தில் சரசரவென்று மாறியது. "அதான், நிறுத்து" என்றார். மூன்று வருடத்தில் ஒரு வகுப்பிலும் யாரும் எனக்கு மையைக் காதால் பார்க்கச் சொல்லித் தந்ததில்லை. அழுத்தம் பத்தாத இடத்துக்குத் தாளின் பின்பக்கம் மெல்லிய தாள் துண்டு ஒட்டி உயரம் ஏற்றுவதையும் அன்றைக்கே காட்டினார், மேக்ரெடி என்று அதற்குப் பெயர். மஞ்சள் ஒரு டப்பா, அரக்கு கலந்துகொள்ளச் சிவப்பும் கறுப்பும், கழுவ மண்ணெண்ணெய், எல்லாம் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் கல்வெட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தேன். தோழி ஒருத்தி வரலாறு படிக்கிறாள், அவள் கூப்பிட்டாள் என்று போனது, பிரிண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை. மதுரையைச் சுற்றி மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி என்று குன்றுக்குக் குன்று தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. மாங்குளத்தில் உள்ளதை 1882-லேயே ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டறிந்தார், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அந்தப் பாறையில் இருக்கிறது. கல்லில் இருப்பதை எப்படி ஊருக்கு எடுத்துப் போவது? படி எடுத்துத்தான். பயிற்சியில் ஒரு உடைந்த பலகைக்கல்லில் அதைச் செய்து காட்டினார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, பிரஷ்ஷால் அடி அடியென்று அடிக்கிறார்கள். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் துணிப் பொட்டலத்தில் மையைத் தொட்டு மேலே ஒற்றி ஒற்றி எடுக்கிறார்கள். மேடெல்லாம் கறுக்கிறது, பள்ளத்தில் இருக்கிற எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வருகிறது.

இது பிரிண்டுதான். வெட்டிய இடம் வெள்ளை, வெட்டாத இடம் கறுப்பு, லினோவில் நடப்பதேதான். ஒரே ஒரு வித்தியாசம், மை கல்லில் படுவதில்லை, தாளின் முதுகில் படுகிறது, அதனால் எழுத்து இடவலம் மாறாமல் நேராகவே வருகிறது. கல்லுக்கும் ஒரு சேதாரமும் இல்லை. (இதைப் படித்துவிட்டு மலைக்குப் போய் யாரும் தானாக முயற்சி செய்துவிட வேண்டாம், அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள், அனுமதி வேண்டும், கை தெரிந்தவர்கள் வேண்டும்.) தமிழ்ப் பிராமியில் 'க' ஒரு கூட்டல் குறி, 'ர' ஒரு நேர்க்கோடு. உளி பிடித்த கைக்கு அந்த எழுத்துகளைப் பார்த்தாலே, இதை வெட்டினவனுக்கு எந்த இடத்தில் மணிக்கட்டு வலித்திருக்கும் என்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் எதையாவது படி எடுத்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தது. கொல்லையில் அம்மி கிடந்தது.

மிக்ஸி வந்ததிலிருந்து அது சும்மாதான் கிடக்கிறது, மேலே துளசித் தொட்டி வைத்திருந்தார்கள். அப்பாவைப் பெற்ற ஆச்சி அரைத்த அம்மி. தேய்த்துக் கழுவினேன். புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள், அங்கே போய் ஒரு கடையில் வெட்டுத்துணி வாங்கி வந்து, உள்ளே பஞ்சு அடைத்துப் பொட்டலம் கட்டினேன். மெல்லிய தாளை நனைத்துப் போட்டு அடித்தேன். முதல் இரண்டு தாள் கிழிந்தது. மூன்றாவது நின்றது. மை ஒற்ற ஒற்ற, கறுப்புக்குள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக வந்தன.

அம்மி கொத்தியதின் புள்ளிகள். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்களே, அவர்களில் யாரோ ஒருவர் எங்கள் வாசலில் குந்தி உட்கார்ந்து சின்ன உளியால் டக்டக்கென்று கொத்தியது. ஒவ்வொன்றும் ஒரு அடி. ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஒன்று சற்றே சரிந்தது. ஓரத்தில் நெருக்கமாக, தெளிவாக இருக்கின்றன. நடுவே போகப் போகச் சிறுத்து, மங்கி, குழவி ஓடிய தடத்தில் ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று முழுக் கறுப்பாகிவிடுகிறது. அந்தக் கறுப்பு ஆச்சியின் கை போய் வந்த இடம். சரியாக நடுவில்கூட இல்லை, வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அப்பாவிடம் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமா, ஆச்சி ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துதான் அரைப்பாங்க, இடுப்பு வலி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, தாளைத் திருப்பித் தரவும் கொஞ்ச நேரம் ஆனது.

என்ன வெட்ட வேண்டும் என்று அதற்கப்புறம் யோசிக்கவே இல்லை. அடி நீளத்தில் ஒரு லினோ. வரிசை வரிசையாகப் புள்ளி, ஓரத்தில் நெருக்கம், நடுவில் வலப்பக்கம் சாய்ந்து தேய்ந்து போகிற மாதிரி. படி எடுத்த தாளை அப்படியே கண்ணாடித் திருப்பலாக லினோவில் மாற்றிக்கொண்டேன், அப்போதுதான் அடிக்கும்போது ஆச்சியின் சாய்வு சரியான பக்கம் விழும். நிறம் மட்டும் பாட்டியிடமிருந்து, வெள்ளைப் புள்ளி, மஞ்சள், மேலே அரக்கு. புள்ளியை உளியால் ஒரே குத்தாகக் குத்தி மணிக்கட்டைத் திருப்பி எடுத்தேன், திருத்தவில்லை. முதல் வெட்டு முடிய நான்கு நாள் ஆயிற்று. மொட்டை மாடியில் விடியற்காலை ஐந்து மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், மேப்லித்தோ தாளில் பன்னிரண்டு பிரதி மஞ்சள் அடித்தேன். அழுத்துவதற்கு மிஷின் கிடையாது, எவர்சில்வர் குழிக்கரண்டியின் முதுகால் தேய்த்ததுதான். பன்னிரண்டையும் துணி காயப் போடுகிற கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டபோது சூரியன் வந்துவிட்டது, வெள்ளைப் புள்ளிகள் வழியாக வெளிச்சம் தெரிகிற மாதிரி இருந்தது. கீழே ஓடிப்போய் ஒன்றை என் படுக்கைக்கு மேலே சுவரில் பிடித்துப் பார்த்தேன். சுவரில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டது, அம்மா திட்டினாள்.

மஞ்சள் காய நான்கைந்து நாள் ஆகும். காய்ந்ததும் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பாட்டி தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினார், முடிச்சைத் தேடுகிற மாதிரி. நடுவில் காலியாகக் கிடந்த இடத்தைத் தடவி, "இதென்ன, இங்க விட்டுட்டியா?" என்றார். அம்மி கதையைச் சொன்னேன். "சரி, சரி" என்று தலையாட்டினார். அப்புறம் விரலை வைத்து ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வரிசையில் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு இல்ல பாரு."

பார்த்தேன். இல்லை. இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒரு புள்ளி அளவுக்கு வெறும் மஞ்சள்.

"அதுவும் தேஞ்சதுன்னு வச்சுக்கலாமே பாட்டி."

"அது தேஞ்சது. இது விட்டது" என்றார்.

இனி வெட்டினால் அது வெள்ளையாக வராது, மஞ்சள் அடித்தாயிற்று, மஞ்சளாகத்தான் நிற்கும் என்று விளக்கினேன். அவருக்கு அது எனக்கு முன்னாலேயே தெரியும். "மஞ்சளா நின்னுட்டுப் போகட்டும், விடாத" என்று தாளைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, காபி போட உள்ளே போனார்.

மறுநாள் காலை அந்தப் புள்ளியைக் குத்தி எடுத்தேன். அரக்கு அடித்து முடித்துப் பன்னிரண்டும் இப்போது கொடியில் தொங்குகின்றன, ஒன்பதாவது வரிசையில், வெள்ளைகளுக்கு நடுவில், ஒரு மஞ்சள்.